பிரிட்ஜ் ஆடக் கற்பது: முதல் பிடியிலிருந்து முழு ஆட்டம் வரை

பிரிட்ஜ் கற்க உட்காருகிறவர்கள் பலர் முதல் வாரத்திலேயே ஓடிவிடுகிறார்கள். அதற்குக் காரணம் ஆட்டம் அல்ல, அதைச் சொல்லிக்கொடுக்கும் வரிசை. சீட்டைக் கையில் எடுத்ததுமே "12 புள்ளி இருந்தால் இப்படிக் கேள், 15 இருந்தால் அப்படிக் கேள்" என்று ஒரு அட்டவணையை நீட்டிவிடுவார்கள். எதற்காகக் கேட்கிறோம் என்றே தெரியாதவருக்கு, எப்படிக் கேட்பது என்று பாடம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் வருடம் முழுக்க ஏலத்தில் என்னென்னவோ மனப்பாடம் செய்துவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் வெளியே எத்தனை துருப்பு பாக்கி என்று தெரியாமல் முழிப்பேன்.

அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதலில் ஆட்டம், அப்புறம் ஏலம், அதற்கப்புறம் எதிர்த்து ஆடுவது. மற்ற அலங்காரங்கள் எல்லாம் கடைசியில்.

மேசையில் என்ன நடக்கிறது

நான்கு பேர், 52 சீட்டு, ஆளுக்கு 13. எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பார்ட்னர்கள். ஒவ்வொருவரும் ஒரு சீட்டு இறக்க, நான்கு சீட்டும் சேர்ந்தால் ஒரு பிடி. டிரிக் என்றும் சொல்வார்கள். ஆக மொத்தம் 13 பிடி. இறக்கிய இனம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். இல்லையென்றால் துருப்பால், அதாவது மற்ற இனங்களை வெல்லும் இனத்தால், வெட்டலாம், அல்லது வேறு எதையாவது தள்ளலாம். துருப்பு வைத்து ஆடும் எந்தச் சீட்டாட்டம் தெரிந்திருந்தாலும் இதுவரை புதிதாக ஒன்றுமில்லை. (பிரிட்ஜ்காரர்கள் கிளப் என்பதை நான் கிளாவர் என்றே எழுதுகிறேன். பழகிய வாய்.)

புதிது இரண்டு விஷயம். ஒன்று, துருப்பு எது, எத்தனை பிடி எடுப்போம் என்பதை ஏலத்தில் முடிவு செய்கிறோம். ஏலத்தில் 1 என்றால் ஏழு பிடி. அதாவது சொன்ன எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நான்கு ஹார்ட் என்றால், ஹார்ட் துருப்பாக 10 பிடி. இரண்டாவது, ஏலத்தில் வென்ற ஜோடியில் ஒருவர் டிக்ளேரர். அவருடைய இடப்பக்கத்து எதிராளி முதல் சீட்டை இறக்கியதும், டிக்ளேரரின் பார்ட்னர் தன் 13 சீட்டையும் மேசையில் விரித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவார். அதுதான் டம்மி. பாதிச் சீட்டுகள் கண்ணுக்குத் தெரியும், மீதியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பிரிட்ஜின் முழு ருசியும் இந்த விரிந்த 13 சீட்டில்தான் இருக்கிறது.

ஏலமே இல்லாமல் ஆடிப் பாருங்கள்

முதல் இரண்டு மூன்று வாரம் ஏலத்தை மறந்துவிடுங்கள். சீட்டைப் பங்கிட்டதும் ஒவ்வொருவரும் தங்கள் புள்ளியை எண்ணிச் சொல்லட்டும்: ஆஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. கட்டு முழுக்கச் சேர்த்து 40 வரும். வராவிட்டால் யாரோ தப்பாக எண்ணியிருக்கிறார்கள். எந்த ஜோடிக்குப் புள்ளி அதிகமோ அவர்கள் ஆடுகிறார்கள், அதில் புள்ளி அதிகம் உள்ளவர் டிக்ளேரர். டம்மியை விரித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையிலும் சேர்த்து எட்டுச் சீட்டுக்குக் குறையாத இனம் இருந்தால் அதைத் துருப்பாக்குங்கள். இல்லையென்றால் துருப்பே இல்லாமல் நோ டிரம்ப். எத்தனை பிடி எடுப்பேன் என்று ஒரு எண் சொல்லிவிட்டு ஆடுங்கள். இதற்கு மினி பிரிட்ஜ் என்றே பெயர் உண்டு.

இப்படி 50 கை ஆடினால், 25 புள்ளி சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம், எட்டுத் துருப்பு இருந்தால் ஏழைவிட எவ்வளவு சௌகரியம் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். பின்னால் ஏலப் பாடம் படிக்கும்போது ஒவ்வொரு விதிக்கும் காரணம் கையில் இருக்கும்.

டம்மி விரிந்ததும் கையை மடியில் வையுங்கள்

டிக்ளேரராக நீங்கள் கற்க வேண்டிய முதல் பழக்கம் இது. முதல் பிடியில் டம்மியிலிருந்து சின்னச் சீட்டுத்தான் போடப் போகிறோம் என்று தெரிந்தாலும் போடாதீர்கள். அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். தோற்ற கைகளைத் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் முதல் இரண்டு பிடிக்குள்தான் குடி முழுகியிருக்கும்.

ஒரு கையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நீங்கள் மூன்று நோ டிரம்ப் ஆடுகிறீர்கள், 9 பிடி வேண்டும்.

டம்மி: ஸ்பேடு 6 5, ஹார்ட் ராஜா 7 4, டைமண்ட் ஆஸ் ஜாக்கி 10 9 3, கிளாவர் 8 6 3

உங்கள் கை: ஸ்பேடு ஆஸ் 8 3, ஹார்ட் ஆஸ் ராணி 5, டைமண்ட் ராணி 8 4, கிளாவர் ஆஸ் ஜாக்கி 7 2

இடப்பக்கத்து எதிராளி ஸ்பேடு ராஜாவை இறக்குகிறார். இப்போது கையை மடியில் வைத்து எண்ணுங்கள். யாரிடமும் பிடியை விடாமல், இந்த நிமிடமே எடுக்கக்கூடியவை எத்தனை? ஸ்பேடில் 1, ஹார்ட்டில் 3, டைமண்டில் 1, கிளாவரில் 1. ஆக 6. இன்னும் 3 வேண்டும். எங்கிருந்து வரும்? டைமண்டிலிருந்துதான். ராணியை உங்கள் கையிலிருந்து இறக்கி, இடப்பக்கம் ராஜா வராவிட்டால் டம்மியிலிருந்து 3-ஐப் போடுவீர்கள். இதற்கு ஃபினெஸ் என்று பெயர். ராஜா இடப்பக்கம் இருந்தால் டைமண்டில் ஒரு பிடிகூடப் போகாது. வலப்பக்கம் இருந்தால் ஒரு பிடி போகும், ஆனாலும் மீதி நான்கு டைமண்டும் உங்களுடையவை. மோசமான நிலையிலும் 1+3+4+1, மொத்தம் 9. போதும்.

அப்படியானால் ஆபத்து எங்கே? ஸ்பேடில். புதிதாக ஆடுகிறவர் ஆஸைப் பார்த்ததும் டக்கென்று முதல் பிடியிலேயே எடுத்துவிடுவார். அப்புறம் டைமண்ட் ஃபினெஸ் தோற்று, வலப்பக்கத்துக்காரர் ராஜாவால் பிடித்து, ஸ்பேடைத் திருப்பி இறக்குவார். இடப்பக்கத்தில் ராஜா ராணி ஜாக்கி 10 2 என்று ஐந்து ஸ்பேடு இருந்ததென்றால் மீதி நான்கும் வரிசையாக விழும். டைமண்ட் ஒன்று, ஸ்பேடு நான்கு, ஆக ஐந்து பிடி போய் ஒன்று குறைந்துவிட்டது.

இப்போது வேறு மாதிரி ஆடுங்கள். முதல் ஸ்பேடையும் இரண்டாவது ஸ்பேடையும் விட்டுக்கொடுத்து, மூன்றாவதில்தான் ஆஸ். வலப்பக்கத்தில் இருந்த மூன்று ஸ்பேடும் இதற்குள் தீர்ந்துவிட்டன. ஃபினெஸ் தோற்று அவர் ராஜாவால் பிடித்தாலும், திருப்பிப் போட அவரிடம் ஸ்பேடு இல்லை. 9 பிடி உங்கள் கையில். ஸ்பேடு நான்குக்கு நான்காகப் பிரிந்திருந்தால் அவரிடம் ஒன்று மிச்சம் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அப்போது மொத்தம் மூன்று ஸ்பேடுதான் போகும், டைமண்டோடு நான்கு. அப்போதும் 9 வந்துவிடும்.

எத்தனை தடவை விட்டுக்கொடுப்பது என்பதற்கு ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. நோ டிரம்பில் அந்த இனத்தில் உங்களைத் தடுக்க ஆஸ் ஒன்றுதான் இருக்கிறது என்றால், இரண்டு கையிலும் உள்ள அந்த இனச் சீட்டுகளை 7-லிருந்து கழியுங்கள். இங்கே ஐந்து ஸ்பேடு, 7−5=2. இரண்டு தடவை விடு. மந்திரம் மாதிரி இருந்தாலும் வேலை செய்கிறது.

துருப்பு வைத்து ஆடும்போது கேள்வி கொஞ்சம் மாறும். எடுக்கும் பிடிகளை எண்ணுவதைவிட, போகும் பிடிகளை எண்ணுவது சுலபம். துருப்பை உடனே இழுத்து எதிராளிகளிடமிருந்து தீர்த்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி. பொதுவாக இழுத்துவிடுவதுதான் நல்லது. ஆனால் உங்கள் கையில் தோற்கும் சீட்டுகளை டம்மியின் துருப்பால் வெட்ட வேண்டியிருந்தால் பொறுத்திருங்கள். டம்மியின் துருப்பையும் சேர்த்து உருவிவிட்டு, பிறகு வெட்ட ஒன்றுமில்லாமல் நிற்பது எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் கூத்து.

நான்கைந்து எண்கள்

எதிராளிகளிடம் ஒரு இனத்தில் ஐந்து சீட்டு இருந்தால், அவை 3-2 ஆகப் பிரிந்திருக்க வாய்ப்பு 68 சதவீதம், 4-1 ஆக 28. நான்கு சீட்டு இருந்தால் 3-1 தான் அதிகம், 50 சதவீதம். 2-2 என்பது 40. ஆறு சீட்டு இருந்தால் எல்லோரும் 3-3 வரும் என்று நம்பி ஏமாறுகிறார்கள். அது 36 சதவீதம்தான், 4-2 வருவது 48. ஃபினெஸ் பாதிக்குப் பாதி. ஆகவே ஆறு சீட்டு சரிபாதியாகப் பிரியும் என்று காத்திருப்பதைவிட ஒரு ஃபினெஸ் மேல் என்று மேசையிலேயே முடிவு செய்ய முடியும். இதற்கு மேல் எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஏலம்

இப்போது ஏலத்துக்கு வரலாம். கிளாவர், டைமண்ட், ஹார்ட், ஸ்பேடு, நோ டிரம்ப் என்பது கீழிருந்து மேல் வரிசை. ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட மேலே கேட்க வேண்டும், இல்லையென்றால் பாஸ். தொடர்ந்து மூன்று பாஸ் வந்தால் ஏலம் முடிந்தது.

எதற்காக மேலே மேலே போகிறோம்? மதிப்பெண்ணுக்காக. முதல் ஆறு பிடிக்கு மதிப்பு இல்லை. அதற்கு மேல் கிளாவரும் டைமண்டும் பிடிக்கு 20, ஹார்ட்டும் ஸ்பேடும் 30, நோ டிரம்பில் முதல் பிடிக்கு 40, பிறகு 30. கேட்ட பிடிகளின் மதிப்பு 100-ஐத் தொட்டால் அது கேம். அதற்கு 300 போனஸ், வல்னரபிள் என்ற (போனஸும் அபராதமும் கூடும்) நிலையில் 500. தொடாவிட்டால் வெறும் 50. மேலே சொன்ன மூன்று நோ டிரம்பை ஆடி முடித்தால் 100+300, மொத்தம் 400. ஒரு பிடி குறைந்தால் எதிராளிக்கு 50. ஸ்பேடு ஆஸை அவசரமாகப் போட்டதன் விலை 450!

இந்த போனஸ், ஏலத்தில் கேட்டால்தான் கிடைக்கும். முந்தைய ஆக்‌ஷன் பிரிட்ஜில் கேட்காமல் எடுத்த பிடியும் கேமுக்குச் சேரும். 1925-ல் பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பல் பயணத்தில் ஹரால்ட் வாண்டர்பில்ட் அந்தக் கணக்கை மாற்றிப் புது மதிப்பெண் முறை ஒன்றை நண்பர்களோடு ஆடிப் பார்த்தார். இன்று நாம் ஆடும் காண்ட்ராக்ட் பிரிட்ஜ் அதிலிருந்து வந்ததுதான்.

ஆக, ஏலத்தில் நீங்களும் பார்ட்னரும் விடை தேடுவது இரண்டே கேள்விக்கு. நமக்கு எட்டுச் சீட்டுப் பொருந்தும் இனம் உண்டா? நம்மிடம் கேமுக்கு வேண்டிய சுமார் 25 புள்ளி உண்டா? ஐந்து கிளாவர், ஐந்து டைமண்ட் கேமுக்கு 11 பிடி வேண்டும் என்பதால் 28, 29 புள்ளியாவது இருக்க வேண்டும். அதனால்தான் எல்லோரும் ஹார்ட், ஸ்பேடு, நோ டிரம்ப் பக்கமே சாய்கிறார்கள். 12 பிடியான சின்ன ஸ்லாமுக்கு 33, 13 பிடியான பெரிய ஸ்லாமுக்கு 37.

ஆரம்பிக்க இவ்வளவு போதும்: 12 புள்ளிக்கு மேல் இருந்தால் ஏலத்தைத் திறக்கலாம். ஹார்ட்டோ ஸ்பேடோ ஐந்து இருந்தால் அதில் ஒன்று. இல்லையென்றால் கிளாவர், டைமண்டில் நீளமானது. 15 முதல் 17 புள்ளியும், நான்கு இனமும் ஓரளவு சமமாகவும் இருந்தால் ஒரு நோ டிரம்ப். பார்ட்னர் திறந்தால் 6 புள்ளி இருந்தாலே பதில் சொல்லுங்கள். அவர் ஒரு ஹார்ட் என்று திறந்து, உங்களிடம் மூன்று ஹார்ட்டும் 6 முதல் 9 புள்ளியும் இருந்தால் இரண்டு ஹார்ட். 10 முதல் 12 என்றால் மூன்று. அதற்கு மேல் என்றால் கேமுக்குக் குறைவாக நிற்கக் கூடாது.

நம் எடுத்துக்காட்டுக் கையையே பாருங்கள். உங்களிடம் 17 புள்ளி, ஒரு நோ டிரம்ப் என்று திறந்தீர்கள். டம்மிக்கு 8 புள்ளியும் நல்ல ஐந்து டைமண்டும். அவர் இரண்டு நோ டிரம்ப் என்றார். "உங்களிடம் 15 என்றால் இங்கேயே நிறுத்துங்கள், 17 என்றால் மேலே போங்கள்" என்று அதற்குப் பொருள். நீங்கள் மூன்று என்றீர்கள். ஏலம் என்பது இப்படி ஒரு குறைந்த சொற்களில் நடக்கும் பேச்சு. கையில் உள்ளதைப் பார்ட்னருக்குச் சொல்ல மொத்தம் 38 வார்த்தைதான் உண்டு: 35 ஏலக் கேள்வி, பாஸ், டபுள் (எதிராளி கேட்டதன் பந்தயத்தை ஏற்றுவது), ரீடபுள் (அதை இன்னும் ஏற்றுவது). முகம், குரல், பெருமூச்சு எதுவும் அந்தக் கணக்கில் சேராது. யோசித்துத் தயங்கினால்கூட அதைப் பார்ட்னர் பயன்படுத்தக் கூடாது என்பது விதி.

எதிர்த்து ஆடுவது

பாதி நேரம் ஏலம் எதிராளியிடம் போய்விடும். அதனால் இதில் தேறாமல் பிரிட்ஜில் தேற முடியாது. என் பார்வையில் இதுதான் ஆட்டத்தின் கடினமான பகுதி, சுவையான பகுதியும் இதுதான்.

நோ டிரம்பை எதிர்த்து முதல் சீட்டு இறக்கும்போது உங்கள் நீளமான இனத்திலிருந்து, மேலிருந்து நான்காவதை இறக்குவது வழக்கம். ராஜா ராணி ஜாக்கி போல வரிசை இருந்தால் தலைச்சீட்டு. துருப்பு ஆட்டத்தில் ஒற்றைச் சீட்டு நல்ல ஆரம்பம். ஆஸ் இருக்கும் இனத்தில் அதற்குக் கீழே உள்ளதை இறக்காதீர்கள்.

நான்காவது சீட்டை இறக்குவதில் ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. பார்ட்னர் 6-ஐ இறக்குகிறார். 11-லிருந்து 6 போனால் 5. அவரைத் தவிர மற்ற மூன்று கைகளிலும் 6-ஐவிடப் பெரிய சீட்டு ஐந்துதான். டம்மியில் ராஜா 8 2 தெரிகிறது, அதில் பெரியது இரண்டு. உங்களிடம் ஆஸ் ஜாக்கி 9, அது மூன்று. ஐந்தும் கணக்கு தீர்ந்தது! டிக்ளேரரிடம் 6-ஐ வெல்ல ஒரு சீட்டும் இல்லை. டம்மியிலிருந்து 2 வந்தால், ஆஸை வீசாமல் 9-ஐப் போட்டாலே பிடி உங்களுக்கு. டம்மியின் ராஜா உங்கள் ஆஸுக்கும் ஜாக்கிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கணக்கு முதன்முதலில் எனக்கு மேசையில் பலித்த நாளில்தான் இந்த ஆட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவதாக ஆடுகிறவர் சின்னது, மூன்றாவதாக ஆடுகிறவர் பெரியது என்ற பழைய வழக்கங்கள் பெரும்பாலும் சரி. பார்ட்னர் இறக்கிய இனத்தில் பெரிய எண்ணைப் போட்டால் "தொடருங்கள்", சின்னதைப் போட்டால் "வேண்டாம்" என்று ஒரு சைகை முறையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இது விதிக்கு உட்பட்டது, சீட்டின் மூலம் சொல்வது என்பதால். எதிராளி கேட்டால் இன்னதுதான் பொருள் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும்.

13 வரை எண்ணுவது

ஓரளவு ஆடத் தெரிந்தவரை நன்றாக ஆடுபவரிடமிருந்து பிரிப்பது இது ஒன்றுதான். நினைவாற்றல் அபாரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. போன சீட்டுகளை ஒவ்வொன்றாக 13 வரை கூட்டாதீர்கள். நம்மிடம் எட்டுத் துருப்பு, வெளியே ஐந்து. அந்த ஐந்தை மட்டும் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் மாதம் துருப்பை மட்டும். அடுத்த மாதம் இன்னொரு இனமும்.

பிறகு கையின் வடிவங்களை வாய்ப்பாடு போலப் பழகுங்கள்: 4-4-3-2, 5-3-3-2, 5-4-3-1, 5-4-2-2, 4-3-3-3. பத்தில் ஏழு கை இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். இரண்டு எண் தெரிந்தாலே மற்றவை தானாக வாயில் வரும்.

இதன் பலன்? டைமண்டில் டம்மியிடம் ராஜா 10 5, உங்களிடம் ஆஸ் ஜாக்கி 6 2. ராணி யாரிடம்? இரண்டு பக்கமும் ஃபினெஸ் செய்யலாம், பார்த்தால் பூவா தலையா மாதிரி. ஆனால் வலப்பக்கத்துக்காரர் ஏலத்தில் ஐந்து ஸ்பேடு காட்டினார். ஆட்டத்தில் இரண்டு ஹார்ட்டோடும் நான்கு கிளாவரோடும் அந்த இனங்கள் அவரிடம் தீர்ந்துவிட்டன. 11 ஆயிற்று. மீதி இரண்டுதான் டைமண்ட். வெளியே இருந்தது ஆறு, அப்படியானால் இடப்பக்கம் நான்கு. ராணி இடப்பக்கம் இருக்க வாய்ப்பு இரண்டுக்கு ஒன்று. உங்கள் கையிலிருந்து சின்ன டைமண்டை இறக்கி, டம்மியில் 10-ஐப் போடுங்கள்.

கன்வென்ஷன்கள் எப்போது

கன்வென்ஷன் என்பது பார்ட்னர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும், தனிப் பொருள் உள்ள ஏலக் கேள்வி. அதெல்லாம் இவ்வளவும் கைவந்த பிறகுதான். பார்ட்னர் ஒரு நோ டிரம்ப் என்று திறந்ததும், நான்கு ஹார்ட்டோ ஸ்பேடோ உண்டா என்று கேட்கும் இரண்டு கிளாவர், அதாவது ஸ்டேமன். ஐந்து சீட்டு இனத்தைப் பார்ட்னர் வாயால் சொல்லவைக்கும் டிரான்ஸ்ஃபர். எதிராளி திறந்ததும் "மற்ற இனங்களில் எனக்கு பலம்" என்று சொல்லும் டேக்அவுட் டபுள். ஆஸ் எத்தனை என்று கேட்கும் நான்கு நோ டிரம்ப், அதாவது பிளாக்வுட். முதல் வருடத்துக்கு இந்த நான்கே தாராளம். ஒருமுறை நான் நான்கு நோ டிரம்ப் கேட்டு ஆஸ் கணக்குக்காகக் காத்திருந்தேன். எதிரே இருந்தவர் நிம்மதியாகப் பாஸ் சொல்லிவிட்டார். தப்பு என்னுடையது. ஆட்டத்துக்கு முன் நாங்கள் அதைப் பேசியே வைக்கவில்லை. பார்ட்னருக்குத் தெரியாத கன்வென்ஷன் கன்வென்ஷனே இல்லை.

தொடர்ந்து முன்னேற

ஒரே பார்ட்னரோடு குறைந்தது ஆறு மாதம் ஆடுங்கள். ஆட்டத்தின் நடுவே "ஏன் அதைப் போட்டீர்கள்?" என்று கேட்கும் ஜோடி அடுத்த மூன்று கையையும் தோற்கும். குறித்து வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்ததும் பேசுங்கள்.

முடிந்தவரை டூப்ளிகேட் முறையில் ஆடுங்கள். அதே சீட்டுகளை எல்லா மேசைகளிலும் ஆடி, அதே கையில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்று ஒப்பிடும் முறை. நல்ல சீட்டு வந்தது, வரவில்லை என்ற சாக்கு அங்கே எடுபடாது. ஆளே கிடைக்காத நாட்களில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் ரோபாட்டுகளோடு ஆடலாம். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்ற 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்ற பிரணாப் பர்தனுக்கு அப்போது 60, அவர் பார்ட்னர் ஷிப்நாத் சர்க்காருக்கு 56.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ஆடி முடித்ததும் மூன்று கை மட்டும் எழுதினால் போதும். எந்தப் பிடியில் தப்பு நடந்தது, அந்த நேரத்தில் என்ன நினைத்தேன், எதை எண்ணவில்லை. என் நோட்டின் முதல் 20 பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் வரி இதுதான்: "முதல் பிடி. யோசிக்காமல் போட்டேன்."